ஷட்டருக்குள் ஒரு புல்வெளி

மணக்காட்டைத் தாண்டி அம்பலத்தறைப் பக்கம் வந்த பிறகுதான் என் கால்கள் ஒரு தாளத்தில் விழுந்துகொண்டிருப்பதைக் கவனித்தேன். இரண்டு எட்டு சாதாரணமாக, மூன்றாவது சற்று இழுத்து. அது மனிதனின் நடை இல்லை, குதிரையின் நடை. வேண்டுமென்றே தாளத்தைக் கெடுத்துப் பார்த்தேன். கொஞ்ச தூரம் ஓடினேன், நின்றேன், ஒரு மதிலில் சாய்ந்து செருப்பில் ஏறிய கல்லைத் தட்டினேன். திரும்ப நடக்கத் தொடங்கியதும் அதே நடை வந்து சேர்ந்துகொண்டது.

அன்று ஹர்த்தால். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, சாயாக்கடைகூட இல்லை. சாலை முழுக்க எனக்குத்தான். தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு போர்வை. விழிஞ்ஞம் துறைமுகத்தில் எங்கள் ஊர்க்காரன் ஒருத்தன் வேலை செய்தான். அவனைத் தேடிப் போய்க்கொண்டிருந்தேன். வெயில் சாய்வாக முகத்தில் அடித்தது. அது நன்றாக இருந்தது. வெயிலில் நடந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அதற்குப் பிறகு செங்கல் சூளை, பரோட்டாக் கடை, டைல்ஸ் ஒட்டும் வேலை, நாகர்கோவிலில் ஒரு லாரி ஷெட் என்று எங்கேயும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. வேலை கஷ்டம் என்று விட்டதில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் போக வேண்டும் என்று தோன்றும், போய்விடுவேன். அப்படிப்பட்ட நான் திருவனந்தபுரத்தில், பழவங்காடி கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பைக்கடையின் மாடியில் இருந்த வீடியோ கேம் ஹாலில் இரண்டு மழைக்காலம் இருந்தேன்.

ஜன்னல் இல்லாத ஹால். சுவரெல்லாம் கறுப்புப் பெயிண்ட். வரிசையாகப் பெரிய டிவிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சாய்வு நாற்காலி. மூலையில் ஸ்டியரிங் வைத்த கார் ரேஸ் மெஷின் ஒன்று. ஆட்களுக்கு கன்ட்ரோலர் எடுத்துக் கொடுப்பது, நேரம் முடிந்தால் சொல்வது, பெருக்குவது, வியர்வை பிடித்த கன்ட்ரோலர்களைத் துடைத்து வைப்பது என் வேலை. ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே மழை பெய்கிறதா என்பதை, வருகிறவர்களின் செருப்புத் தடம் ஈரமாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

படுக்கையும் அங்கேயே. ராத்திரி கடை மூடும்போது முதலாளி என்னை உள்ளே விட்டு ஷட்டரை இறக்கி வெளியே பூட்டிக்கொண்டு போவார். வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த மனுஷன். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. நான் தமிழ்க்காரன் என்பதால் என்னோடு தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்.

"மோனே, இது உன்னோட நல்லதுக்காணு. விலையுள்ள சாதனங்கள். நாளைக்கு ஒண்ணு காணாம போனா உன் தலையில் வரப்படாது."

"தீ கீ பிடிச்சா என்ன செய்யறது?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஃபோன் உண்டல்லே?" என்றார், சிரித்துக்கொண்டே. பரோட்டாப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கினார்.

முதல் வாரமே போயிருக்க வேண்டும். போகாததற்குக் காரணம் ஒரு மெட்டு.

அங்கே ஒரு கேம் இருந்தது. ஒருவன் குதிரையில் புல்வெளி நாடு முழுக்கப் போகிறான். ஓநாய்கள் வரும், கொள்ளைக்காரர்கள் வருவார்கள், சண்டை போட வேண்டும். ஆனால் நீங்கள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருந்தால், கொஞ்ச நேரத்தில் அவன் குதிரையை விட்டு இறங்கி ஒரு மரத்தடியில் உட்காருவான். அப்போது அந்த மெட்டு வரும். ஏதோ ஒரு நரம்பு வாத்தியம், அதற்கு அடியில் குதிரை நடையாக ஒரு மெல்லிய தட்டல். பாட்டு இல்லை, வார்த்தை இல்லை. காற்று புல்லைச் சாய்த்துக்கொண்டு போகும், மெட்டு போய்க்கொண்டே இருக்கும்.

சினிமாப் பாட்டும் எனக்குப் பிடிக்கும். ஆனால் சினிமாப் பாட்டு யாரோ ஒருவனுடைய அழுகையை எனக்குச் சொல்லும், சொல்லிவிட்டுப் போய்விடும். இது அப்படி இல்லை. நான் கையை அசைக்கும் வரை இது எனக்காக அங்கேயே இருக்கும். நான் கன்ட்ரோலரைத் தொட்டால்தான் அவன் எழுவான், குதிரை கனைக்கும், மெட்டு மாறும். என் வாழ்க்கையில் எனக்காக எதுவும் காத்திருந்ததாக ஞாபகம் இல்லை. பஸ்கூட நான் ஓடிப்போய்ப் பிடித்ததுதான். பூட்டின ஹாலில் அந்த டிவியை மட்டும் போட்டு வைத்துக்கொண்டு படுத்தால், சுவர்கள் எங்கேயோ தூரப் போய்விடும். பல நாள் காலையில் பையைக் கட்டியிருக்கிறேன். கட்டி வைத்துவிட்டு, ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகலாம் என்று உட்காருவேன். அதற்குள் முதல் கூட்டம் படியேறி வந்துவிடும்.

அந்த மெட்டுக்கு இன்னொரு ஆளும் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆட்டோ ஓட்டுநர். மத்தியானத்தில் ஆட்டோவைக் கீழே நிறுத்திவிட்டு வருவார். சண்டை போட மாட்டார். குதிரையைக் கொஞ்ச தூரம் ஓட்டுவார், நிறுத்துவார், கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்து கேட்பார். அந்த ஊர்ப் பேச்சில் சின்னவர்களை அப்பி என்பார்கள். அவருக்கு நான் அப்பி.

"நாள் முழுக்க என் காதில் எஞ்சின்தான் அப்பீ. வீட்டுக்குப் போனாலும் அது உள்ளே ஓடும். இது ஒண்ணுதான் அதை நிறுத்தும்."

காலேஜ் பையன்கள் அவரை விட மாட்டார்கள். "அண்ணன் குதிரைக்குப் புல் மேய்க்க வந்திருக்கார்!" என்பான் ஒருத்தன். "அண்ணா, அந்தக் குதிரைக்கு மீட்டர் உண்டோ?" என்பான் இன்னொருத்தன். அவர் கண்ணைத் திறக்காமலே, "மீட்டர் போட்டா நீ தாங்க மாட்டே" என்பார்.

ஹர்த்தால் என்றால் இங்கே காலை முதல் மாலை வரை கடை எதுவும் திறக்கக் கூடாது. திறந்தால் கொடி பிடித்த ஆட்கள் வந்து மூட வைப்பார்கள். ஆனால் வேலைக்கும் வகுப்புக்கும் போகாத பையன்கள் எல்லாரும் சும்மா இருக்கிற நாளும் அதுதான். கேம் ஹாலுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. அதனால் முதலாளிக்கு ஒரு வழி உண்டு. விடிவதற்குள் ஆட்களை உள்ளே ஏற்றிவிடுவார், ஷட்டரை இறக்கி வெளியே பூட்டுவார், பூட்டு தொங்குவதைப் பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மாலை வந்து திறப்பார். சத்தம் மட்டும் வெளியே போகக் கூடாது.

அன்றும் அப்படித்தான் பூட்டினார். "எல்லாத்தோட சவுண்டும் கம்ப்ளீட் ஆஃப், கேட்டோ மோனே?" என்றார். நான் ஒவ்வொரு டிவியாகப் போய் சத்தத்தை நிறுத்தினேன். காலேஜ் பையன்கள் ஒரு கூட்டம் இருந்தார்கள். ஆட்டோக்காரரும் வந்திருந்தார். வண்டி ஓட்ட முடியாத நாள், அவருக்கு வேறு எங்கே போக இருக்கிறது?

சத்தம் இல்லாமல் விளையாட ஆரம்பித்ததும் எல்லாரும் செத்தார்கள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நன்றாக ஆடுகிறவர்கள்தான். ஆனால் ஓநாய் வருவதற்கு முன்னால் ஒரு முரசு ஒலிக்கும், அதைக் கேட்டுத்தான் அவர்களின் விரல் வாளுக்குப் போகும். கண்ணால் பார்த்து விளையாடுவதாகத்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். முரசு இல்லாமல் ஓநாய் சும்மா ஒரு நாய் மாதிரி ஓடி வந்து கடித்துவிட்டுப் போனது.

"எந்தரடே இது, நான் பார்க்கவே இல்லை!"

"உனக்குக் கண்ணு எதுக்கு, காதை ரெண்டு பக்கமும் ஒட்டி வச்சிருக்கியே, அது போதும்."

கடைசியில் ஒருத்தன் நண்பனுக்குப் பின்னால் நின்று வாயாலேயே முரசு அடிக்க ஆரம்பித்தான். டும், டும், டும் என்று கிசுகிசுப்பாக. நண்பனின் விரல்கள் உடனே சரியாகிவிட்டன. அதைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொருத்தரைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் விளையாட, ஒருவன் வாயால் வாசிக்க. ஒரே சிரிப்பு, வாயைப் பொத்திக்கொண்டு.

அப்போது கரண்ட் போனது.

கறுப்பு ஹால். பகலா இரவா என்று சொல்ல முடியாத இருட்டு. ஃபோன் வெளிச்சங்கள் வந்தன. முதலில் சிரித்தார்கள். ஏசி நின்றால் அந்த ஹால் எவ்வளவு சீக்கிரம் புழுங்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் சட்டைகள் ஒட்டின. முதலாளிக்கு அடித்தேன், மணி போனது, எடுக்கவில்லை. இன்னொருத்தன் அடித்தான். திரும்பத் திரும்ப அடித்தோம். மத்தியானத் தூக்கத்தில் இருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது.

"சேட்டா, வேறே வழி இல்லையா?" என்று ஒருத்தன் என்னைக் கேட்டான்.

"இல்லை."

"அப்போ நீ ராத்திரி எப்படி?"

"இப்படித்தான்."

அவன் ஃபோன் வெளிச்சத்தை என் முகத்தில் அடித்துப் பார்த்தான், பிறகு அணைத்துவிட்டான்.

ஆட்டோக்காரரின் மூச்சு எனக்குக் கேட்டது. சின்னச் சின்னதாக, மேலேயே நின்றுவிடுகிற மூச்சு. பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தேன், சில்லிட்டிருந்தது. "திறக்கச் சொல்லு அப்பீ. திறக்கச் சொல்லு" என்றார். திறக்க ஆள் இல்லை என்று அவருக்கும் தெரியும். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அந்த மெட்டை முனகினேன். எனக்குப் பாட வராது. தாளத்தை அவர் உள்ளங்கையில் விரலால் தட்டினேன். இரண்டு சாதாரணம், மூன்றாவது இழுப்பு. கொஞ்ச நேரம் கழித்து அவரும் முனகினார். பிறகு பின்னாலிருந்து ஒருத்தன். பிறகு எல்லாருமே. அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்த பையன்களுக்கு அந்த மெட்டு ஒரு சுரம் பிசகாமல் தெரிந்திருந்தது. நாற்காலிக் கையில் ஒருவன் குதிரை நடையைத் தட்டினான். இருட்டில் அத்தனை ஆண்கள் வாயை மூடிக்கொண்டு முனகும் சத்தம், ஏதோ பெரிய மிருகம் நிம்மதியாகத் தூங்குகிற மாதிரி இருந்தது. அவர் மூச்சு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

எனக்கு மட்டும் அப்போது பயம் வந்தது. இவ்வளவு நாளும் நான் செய்துகொண்டிருந்தது இதுதான் என்று தெரிந்தது. மூச்சு முட்டாமல் இருப்பதற்காக அந்த மெட்டைக் கேட்டிருக்கிறேன். மூச்சு முட்டாததால் அங்கேயே இருந்திருக்கிறேன்.

கரண்ட் வந்தது. விளக்குகள், ஏசி, டிவிகள். எல்லாரும் "ஹோ" என்று மூச்சு விட்டார்கள். ஆட்டோக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"அதை நிறுத்தடே!"

"எதை?"

"எதையா? நினக்குக் காது கேட்காதா? அந்தக் காரை!"

கரண்ட் போய் வந்தால் கார் ரேஸ் மெஷின் தானாக உயிர் பெற்று, முழுச் சத்தத்தில் ஆட்களைக் கூப்பிட ஆரம்பிக்கும். பறை மாதிரி ஒரு அடி, எக்காளம், எஞ்சின் உறுமல், திரும்பத் திரும்ப. காலையிலும் அதன் சத்தத்தை நான் நிறுத்தியிருக்கவில்லை. அப்போது அது அணைந்து கிடந்தது, அதனால் பிழைத்தோம். ஆனால் இப்போது அது அலறிக்கொண்டிருந்தது, எனக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கவில்லை. இரண்டு மழைக்காலமாக நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு அது எனக்கு நிசப்தம் ஆகிவிட்டிருந்தது. அவர் கை காட்டிய பிறகுதான் காதில் விழுந்தது. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். அதற்குள் படியில் ஆட்கள் ஏறும் சத்தம்.

ஷட்டர் அதிர்ந்தது. "ஆரடா அகத்து? திறக்கடா!"

பையன்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் ஒடுங்கினார்கள். மெஷின்களை உடைப்பார்கள், எங்களையும் நாலு சாத்துவார்கள் என்று நினைத்தேன். ஆட்டோக்காரர்தான் எழுந்து ஷட்டர் பக்கம் போனார்.

"அப்பீ, நாங்க உள்ளே மாட்டிக்கிட்டோம். பூட்டு உங்க பக்கத்தில்தான் இருக்கு, பாரு."

வெளியே சத்தம் நின்றது. "உள்ளே ஆளை வச்சுப் பூட்டியிருக்கானா?" என்று ஒரு குரல். யாரோ கல் தேடினார்கள். இரண்டு மூன்று அடியில் பூட்டு போனது, ஷட்டர் மேலே போனது, வெளிச்சம் வந்து கண்ணில் குத்தியது.

கொடி வைத்திருந்த பெரிய ஆள் எங்களை எல்லாம் ஒரு தடவை பார்த்தார். "கடையைத் திறக்காதேன்னுதான் சொன்னோம். ஆளைப் போட்டுப் பூட்டச் சொல்லல்லியே" என்றார். அவருடன் வந்த ஒருவன் கார் மெஷினில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தான். "அண்ணா, ஒரு ரவுண்டு?" என்றான். "இறங்கடா. இன்னிக்கு ஹர்த்தால்" என்று இவர் அதட்டினார். பையன்கள் சிரித்துவிட்டார்கள், அவரும் சிரித்தார். எல்லாரும் வரிசையாக இறங்கிப் போனார்கள்.

நான் போகவில்லை. எழுதும்போது நம்புவதற்குச் சிரமமாக இருக்கிறது. ஷட்டர் திறந்து கிடந்தது, நான் விழுந்த கன்ட்ரோலர்களை எடுத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். பூட்டு உடைந்ததை யாரோ சொல்லியிருக்க வேண்டும், ஃபோன் அடித்தது. முதலாளி.

"மோனே, பூட்டு உடைச்சோ? சாரமில்லை, பரவாயில்லை. நீ அங்கேயே இரி. எங்கேயும் போகாதே. சாயங்காலம் வேறே பூட்டு வாங்கி வரேன்."

"சரி" என்றேன்.

ஆட்டோக்காரர் படியில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார். நான் அந்தக் கேமைப் போட்டேன், சத்தத்தை ஏற்றினேன், கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன். அவன் இறங்கி மரத்தடியில் உட்கார்ந்தான். மெட்டு வந்தது. திறந்த ஷட்டர் வழியாகக் காக்கைச் சத்தமும் கோயில் பக்கம் யாரோ தேங்காய் உடைக்கிற சத்தமும் வந்தன. அவற்றோடு சேர்ந்தபோது மெட்டு சின்னதாகிவிட்டது. கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில் மிகச் சிறிய ஒரு தடங்கல். சீலையில் ஒட்டுப் போட்ட மாதிரி. அது முடிந்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பிப் போகிற இடம். பூட்டிய ஹாலில் ஒரு நாளும் என் காதில் விழாதது. அடுத்த தடவையும் அதே இடத்தில் வந்தது. அதற்கு அடுத்த தடவையும். அவன் மரத்தடியில் உட்கார்ந்தே இருந்தான்.

"நீ போகலியா?" என்றார் ஆட்டோக்காரர், படியிலிருந்தே.

"மெஷின் எல்லாம் கிடக்கு அண்ணா."

"மெஷின் எழுந்து நடந்து போகுமா?"

பையைக் கட்ட நேரம் ஆகவில்லை. டிவியை அணைத்தேன். ஷட்டரைக் கீழே வரை இறக்கிவிட்டு முதலாளிக்கு அடித்தேன். இந்தத் தடவை உடனே எடுத்தார். பூட்டுக் கொண்டு வந்து போட்டுக்கொள்ளுங்கள், நான் போகிறேன் என்றேன்.

"எங்கே போறே? இன்னிக்கு பஸ் இல்லல்லோ" என்றார், உண்மையான அக்கறையோடு.

"நடந்து."

ஆட்டோக்காரர் மணக்காடு வரை கூடவே நடந்தார், அவர் வீடு அங்கே. பிரிகிற இடத்தில், "நாளைக்கு எனக்கு யாரு அந்தப் புல்வெளியைப் போட்டுத் தருவா?" என்றார். வருகிற பையன் போட்டுத் தருவான் என்றேன். "அவனையும் பூட்டத்தானே போறாங்க" என்றார். என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சந்துக்குள் திரும்பினார்.

திருவல்லம் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். கோவளம் திருப்பத்தில் இருட்டத் தொடங்கியது, ஹர்த்தால் முடிந்து கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. விழிஞ்ஞத்தில் ஊர்க்காரனைக் கண்டுபிடித்து அவன் அறையில் படுத்தேன். தூக்கம் சரியாக வரவில்லை. அந்த மெட்டு இல்லாமல் தூங்கிப் பழக்கம் போயிருந்தது. எழுந்து போய் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் அவன் என்னை ஒரு மீன் குளிர் கிடங்குக்குக் கூட்டிப் போனான். ராத்திரியே ஃபோனில் சொல்லி வைத்திருந்தான். "உள்ளேதான் வேலை. வெயில் கிடையாது, மழை கிடையாது. பெட்டியை அடுக்கணும், அவ்வளவுதான். எல்லாருக்கும் கிடைக்காதுடே" என்றான். மேஸ்திரி கதவைத் திறந்து காட்டினார். ஒரு முழம் தடிமன் இருக்கும். திறக்கும் பிடி வெளிப்பக்கம் இருந்தது. உட்பக்கத்தில் ஒரு குமிழைத் தள்ளினால் திறக்கும் என்று மேஸ்திரி தள்ளியும் காட்டினார். திறந்தது. நான் முடியாது என்றேன்.

"ஏன்டே? கிறுக்கா உனக்கு?" என்றான் ஊர்க்காரன். அவனுக்கு என்னால் அவமானம். விறுவிறு என்று முன்னால் நடந்தான்.

படகுகள் வந்துகொண்டிருந்தன. கரையில் ஒரு அம்மா ஐஸ் பாளங்களை வண்டியிலிருந்து இறக்கிப் போட்டுவிட்டு உடைக்க ஆள் இல்லாமல் கத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"ஐஸ் உடைச்சிருக்கியா?"

"இல்லை."

"கை ரெண்டும் இருக்கல்லே? அப்புறம் எந்து? சூரை மீன் கெட்டுப்போகுது பார்!"

மரச் சுத்தியலை என் பக்கம் தள்ளினாள். பையைப் படகு ஒன்றின் ஓரத்தில் வைத்தேன். முதல் அடியில் பாளம் உடையவில்லை, சுத்தியல் வழுக்கி மணலில் விழுந்தது. மீன் அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். "குறுக்கே அடிடா, குறுக்கே!" என்று அந்த அம்மா கத்தினாள். குறுக்கே அடித்தேன்.